எப்போ ஊருக்குப் போறிய?

போன வாரம் முழுக்கக் குன்னூரில் துணி காயவில்லை. மஞ்சு இறங்கியது இறங்கியபடி நிற்கிறது. கொடியில் போட்ட சேலை மூன்று நாள் கழித்தும் ஈரம் சொட்டாத குறையாகத் தொங்கியது. கடைசியில் இஸ்திரிப் பெட்டியை வைத்துத்தான் காயவைத்தேன். "இதே திசையன்விளையா இருந்தா எட்டு மணிக்குக் காயப்போட்டு ஒன்பதரைக்கு மடிச்சு வச்சிருப்பேன்" என்றேன். வீட்டுக்காரர் பேப்பரில் இருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆனி மாசம் அங்க காயப்போட்டா ஒன்பதரைக்கு உன் சேலை உவரிக் கடல்ல கிடக்கும்" என்றார்.

அவர் சொன்னதும் உண்மைதான். அதனால்தான் ஆனி, ஆடியில் மலையிலும், கார்த்திகையில் இருந்து மாசி முடிய திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டிலுமாக இருக்கிறோம். "ரெண்டு வீடா? உங்களுக்கென்ன!" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் போனில் முதலில் இருந்து சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஒரே தடவையாக இங்கே எழுதிவிடுகிறேன்.

திருநெல்வேலி என்றதும் எல்லாருக்கும் தாமிரபரணியும் வயலும் அல்வாவும்தான் ஞாபகம் வரும். அது ஆற்றுப்பக்கம். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கத்து ஆள், அம்பாசமுத்திரம். வாசலைத் தாண்டினால் வாய்க்கால். நான் பிறந்தது அதற்கு நேர் எதிர். நாங்குநேரிக்குக் கிழக்கே இட்டமொழி, திசையன்விளை, அப்புறம் மாவட்டம் தாண்டி சாத்தான்குளம், குதிரைமொழி என்று போனால் தரையே வேறு நிறமாகிவிடும். செக்கச் செவேலென்று மணல், மேடு மேடாக. ஆடிக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து, வழியில் கிடக்கிற மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு வந்து, கடலுக்கு முன்னால் இறக்கி வைத்த மேடுகள். ஒவ்வொரு மணல் துகளின் மேலும் இரும்புத் துரு பூச்சாக ஒட்டியிருக்கிறது, அந்தச் சிவப்பு அதனால்தான். பனையும் உடைமரமும் கொல்லாமரமும் முருங்கையும் மட்டும் பிழைக்கிற நிலம். கல்யாணமான புதிதில் என் மாமியார் பக்கத்து வீட்டில் சொன்னது காதில் விழுந்தது: "தேரிக்காட்டுப் பிள்ளை, தண்ணியப் பாத்துச் செலவழிப்பா." பாராட்டா குத்தலா என்று இன்றுவரை முடிவு செய்யவில்லை.

அப்பா பனையேறினார். அம்மா பதனி காய்ச்சினாள். பங்குனியில் பிடித்த அடுப்பு ஆவணியில்தான் அணையும். பாகு பதம் வந்ததும் சிரட்டை சிரட்டையாக ஊற்றி ஆறவைத்துக் கருப்பட்டி எடுப்பாள். ஓலைப் புகையில் அவள் கண் எப்போதும் சிவந்தே கிடக்கும். எனக்குப் பாடப்புத்தகம் வாங்கியதும் டைப்ரைட்டிங் படிக்க வைத்ததும் அந்தக் கருப்பட்டிதான். "படிச்சு எங்கேயாவது தொலைஞ்சு போயிரு. இந்த மண்ணு உன் கால்ல ஒட்டக்கூடாது" என்பாள். 1983-இல் நீலகிரியில் தபால் ஆபீஸ் வேலை கிடைத்தது. தொலைந்து போனேன். மறு வருஷம் தங்கச்சி கல்யாணத்துக்கு எங்கள் விளையை, அதாவது தோட்டத்தை, விற்றார்கள். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டு, குன்னூரில் கடன் வாங்கி வீடு கட்டி, இரண்டு பிள்ளைகளை வளர்த்து, ஓய்வும் பெற்றாயிற்று.

வேலைக்குப் போன காலத்தில் குளிர் தெரியவில்லை. ஓய்வு பெற்ற அடுத்த மார்கழியில்தான் அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. காலையில் விரல் மடங்காது. காபித் தம்ளரைப் பிடிக்க இரண்டு கை வேண்டும். முழங்காலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், படி இறங்கும்போது எனக்கு முன்னால் அதுதான் சத்தம் போடும். ஐப்பசி, கார்த்திகை மழையும் தை மாதக் குளிரும் சேர்ந்து ஒரு வருஷத்தில் நாலைந்து மாதத்தைப் போர்வைக்குள்ளேயே தின்றுவிடும்.

இந்த நேரத்தில்தான் மகளைப் பார்க்க அமெரிக்கா போனோம். 2023 பிப்ரவரி. அவள் இருப்பது அரிசோனாவில், ஃபீனிக்ஸ் நகரத்தை ஒட்டிய சாண்ட்லர். அமெரிக்கா என்றால் பனி என்று நினைத்து நான்கு ஸ்வெட்டர் எடுத்துப் போயிருந்தேன். இறங்கினால் நம்ம ஊர் தை மாத வெயில். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வீட்டு முன்னால் புல்லுக்குப் பதில் கூழாங்கல். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சகுவாரோ கள்ளி. அது பக்கத்தில் ஒரு கை விடுவதற்கே 50 வருஷத்துக்கு மேல் ஆகுமாம். பனை வைத்துப் பலன் பார்க்கிற ஆட்களுக்கே அது பொறுமைதான்.

மகள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு வயதான தம்பதி. சொந்த ஊர் மினசோட்டா. அங்கே பனி கொட்டத் தொடங்கும் முன், நவம்பரில் இங்கே வந்துவிடுவார்கள். ஏப்ரலில் திரும்பிப் போய்விடுவார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அங்கே 'ஸ்னோபேர்ட்' என்றே பெயர், வலசை வருகிற பறவை மாதிரி. இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. ஃபீனிக்ஸ் பக்கத்திலேயே சன் சிட்டி என்று வயதானவர்களுக்காகவே ஒரு ஊரை டெல் வெப் என்கிற கட்டுமானக்காரர் 1960 ஜனவரி முதல் தேதி திறந்திருக்கிறார். பருத்தி விளைந்த காட்டில் வரிசையாக வீடு, நடுவில் கோல்ஃப் மைதானம். திறந்த அந்த வார இறுதியிலேயே லட்சம் பேர் பார்க்க வந்தார்களாம்.

எங்களுக்குப் பிடித்துப்போனது வெயில் மட்டுமல்ல. அந்தப் பாட்டி வீட்டைப் பூட்டுகிற விதம். ஏப்ரலில் கிளம்பும் முன் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள். தண்ணீர் மெயின் வால்வை மூடுவாள். கக்கூஸ் பேசின் மேல் சாப்பாடு பொதிகிற பிளாஸ்டிக் தாளை டிரம் மாதிரி இழுத்து ஒட்டுவாள். பாத்ரூம் வடிகால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுவாள். ஏன் என்றால், ஆள் இல்லாத வீட்டில் கோடை வெயிலுக்குக் குழாய் வளைவில் நிற்கிற தண்ணீர் வற்றிவிடும். வற்றினால் சாக்கடை வாடையும் கரப்பானும் மேலே வந்துவிடும். எண்ணெய் மேலே மிதந்தால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. அந்த வருஷம் ஜூன் கடைசியில் இருந்து ஜூலை கடைசி வரை தொடர்ந்து 31 நாள் ஃபீனிக்ஸில் பகல் உச்ச வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை, நம் கணக்கில் 43-க்கு மேல். நாங்கள் அதற்குள் குன்னூர் திரும்பியிருந்தோம். மகள் போனில் சொன்னபோது எனக்கு அந்தப் பாட்டி ஊற்றிய எண்ணெய்தான் ஞாபகம் வந்தது.

ஃபீனிக்ஸில் மண்புயல் அடிக்கிற வீடியோவை ஒரு நாள் மகள் அனுப்பினாள். ஊர் மேல் சுவர் மாதிரி மண் எழும்பி வருகிறது. "அம்மா, இது உங்க ஊர் மாதிரியே இருக்குல்ல?" என்று கேட்டிருந்தாள். அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. சுடுமணலைத் தேடி ஆயிரம் மைல் தாண்டி, காசு கொடுத்து வந்து இருக்கிறார்கள் ஜனங்கள். நான் பிறந்ததே அதில்தான். காலையில் காபி கொடுக்கும்போது விஷயத்தைச் சொன்னேன். "தேரிக்காட்டிலயா? தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்னு எங்க ஆபீசர் பயங்காட்டுவாரு. நீ காசு குடுத்துப் போகச் சொல்லுதியே!" என்றார்.

வீடு பார்க்கப் போகலாம் என்று இருந்தபோது டிசம்பர் 17, 18 மழை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அந்தப் பக்கம் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிறதைவிட அது அதிகம். தண்ணியில்லாக் காடு என்ற பேச்சை அவர் அதோடு விட்டுவிட்டார். "வெள்ளக்காடாக்கும்" என்று மாற்றிக்கொண்டார். ஆனால் எனக்கு அந்த மழை ஒரு உபகாரம் செய்தது. தையில் போய் வீடு பார்த்தபோது, எங்கே தண்ணீர் நின்றது என்று யாரும் பொய் சொல்ல முடியவில்லை. சுவரிலேயே கோடு இருந்தது. வீடு வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே புத்தி இதுதான்: பெருமழை ஓய்ந்த மறு மாதம் போய்ப் பாருங்கள். வெள்ளை அடிப்பதற்குள்.

புரோக்கர் காட்டிய முதல் நாலு இடமும் புது பிளாட். கல் நட்டு, கலர் கொடி கட்டி, வாசலில் வளைவு வைத்திருந்தார்கள். "ஒரு வடலிகூட இல்லாம சுத்தமா வழிச்சாச்சும்மா" என்றார், பெரிய வசதியைச் சொல்கிற மாதிரி. வடலி என்றால் இளம்பனை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்ததே என்று கேட்டேன். "அதெல்லாம் அதுக்கு முந்தியே வழிச்சதும்மா" என்றார். இருக்கலாம். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதில் ஒன்று, தூரத்தில் தெரிந்த கிணற்றை வைத்துப் பார்த்தால், எங்கள் பழைய விளையை ஒட்டிய இடம். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் விலை ஏறும்.

ஐந்தாவதாகப் பார்த்த வீடுதான் இது. ஊரை விட்டு ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, ஐந்து சென்டில் இரண்டு படுக்கையறை. வளைகுடாவில் வேலை பார்க்கிற ஒருவர் அப்பா அம்மாவுக்காகக் கட்டியது. அவர்கள் காலமாகி ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. பின்னால் மூலையில் ஒரு பருவப்பனை. வெள்ளக் கோடு தெருவில் இருந்தது, படியில் இல்லை. நான் தரையைப் பார்த்தேன், அவர் கிணற்றைப் பார்த்தார். வாளி விட்டு இறைத்து ஒரு வாய் குடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். தேரித் தண்ணீர் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். மழையை மணல் அப்படியே குடித்துக்கொள்ளும், கீழே சுத்தமாக நிற்கும். கடலை நெருங்கினால்தான் உப்பு. ஆற்றங்கரைக்காரர் வாயில் இருந்து "பரவாயில்லை" என்று ஒரு வார்த்தை வந்தது. சரி, வீடு முடிந்தது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

முடிந்தது என்று நான் நினைத்தேன். பத்திரம் அப்படி நினைக்கவில்லை. விலை 23 லட்சம் பேசி, ஒரு லட்சம் முன்பணம் கொடுத்த பிறகு, 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். இப்போது ஆன்லைனிலேயே எடுக்கலாம், நான் தபால் ஆபீஸ்காரி, படிவம் என்றால் பயம் கிடையாது. அதில் பார்த்தால், இப்போது வீட்டை விற்கிறவரின் அப்பா இடத்தை வாங்கியபோது, அதை அவருக்கு விற்றவர் ஒரு அம்மாள் மட்டும். தாய்ப்பத்திரத்தை வாங்கிப் படித்தால், இடம் அக்கா தங்கை இருவர் பெயரில் இருந்திருக்கிறது. தங்கை கையெழுத்து எங்கேயும் இல்லை. புரோக்கருக்கு இது முன்பே தெரியும். "அதெல்லாம் யாரும் கேட்க மாட்டாவ" என்றார். நான் கேட்டுவிட்டேனே, இப்போது என்ன செய்ய என்றேன்.

அந்தத் தங்கை மும்பையில் இருந்தார். வயது எண்பதுக்கு மேல். அவரைத் தேடிப் பிடிக்க இரண்டு மாதம் ஆனது. மகனோடு ரயிலில் வந்தார். பத்திர எழுத்தர், தன் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தை அவருக்கு வாசித்துக் காட்டினார். பாட்டி முழுக்கக் கேட்டுவிட்டு, "எங்க அக்கா எனக்கு இதுக்காக அப்பவே ஒரு ஜோடி கம்மல் தந்திட்டா. எழுதலை, அம்புட்டுதான்" என்று சொல்லிக் காதைத் தொட்டுக் காட்டினார். அந்தக் கம்மல் காதில் இருந்தது. கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். "எனக்கு எழுதத் தெரியும்" என்று கோபமாகக் கையெழுத்துப் போட்டார். வந்து போன செலவும் வேட்டி சேலையும் விற்றவர் கணக்கில்.

முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 23 லட்சத்துக்கு ஆக 2 லட்சத்து 7 ஆயிரம். வீட்டுக்காரர் டைரியில் எழுதும் வழக்கமுள்ளவர். பதிவு முடிந்து பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது டைரியைக் காட்டினார். இந்த மாதிரி வீட்டுக்கு திசையன்விளையில் மாத வாடகை ஆறாயிரம். நாலு மாதத்துக்கு 24 ஆயிரம். 23 லட்சத்தை 7 சதவீத வட்டிக்குப் போட்டால் வருஷத்துக்கு 1 லட்சத்து 61 ஆயிரம். "வாடகை குடுத்தது போக மிச்சத்துல வருஷா வருஷம் அரிசோனா போய்ட்டு வரலாம்" என்றார். கணக்கில் தப்பே இல்லை. இன்று வரை என்னிடம் அதற்குப் பதில் இல்லை. யாராவது இரண்டாவது வீடு வாங்கினால் லாபம் என்று உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். நாலு மாதம் இருக்க வாடகை வீடுதான் புத்தி. நான் டீக்குக் காசு கொடுத்தேன்.

முதல் கார்த்திகையில், மேட்டுப்பாளையத்தில் ராத்திரி ரயில் ஏறி, காலையில் திருநெல்வேலி சந்திப்பில் இறங்கி, பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். பதிவு முடிந்த கையோடு பூட்டிவிட்டு வந்திருந்தோம். இடையில் ஆனியும் ஆடியும் போயிருந்தன. பூட்டைத் திறந்தால் கதவு அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளியதும் உள்ளே சர் என்று ஒரு சத்தம். கதவுக்குப் பின்னால் சாய்ந்து நின்ற மணல் சரிந்த சத்தம். ஜன்னல் மூடித்தான் இருந்தது. ஆனால் ஜன்னல் கட்டையில் ஒரு விரல் உயரத்துக்குச் செம்மணல், கத்தியால் வெட்டிய மாதிரி சரிவாக. தரையில் அலை அலையாக வரி. மாவுச் சல்லடையில் சலித்த மாதிரி அவ்வளவு நைஸ். பல்லி ஓடிய தடம்கூட அதில் இருந்தது, நடுவில் வால் இழுத்த கோட்டோடு. வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தேன். குளிர்ந்து இருந்தது. அம்மா ஞாபகம் வந்தது. அவள் இருந்திருந்தால் வாரியலை எடுத்து என் முதுகில் ஒன்று போட்டிருப்பாள்.

மணல் அள்ளி மாளவில்லை. வாரியலால் கூட்டினால் எழும்பி, திரும்ப அதே இடத்தில் உட்காருகிறது. அப்போதுதான் எதிர்வீட்டு மைனி வந்தாள். அவளும் என்னை மைனி என்பாள், நானும் அவளை மைனி என்பேன், உறவு என்று ஒன்றும் கிடையாது. வந்தவள் என் கையில் இருந்த வாரியலை வாங்கிக் கீழே போட்டாள். வாளியில் தண்ணீர் எடுத்துக் கையால் தெளித்து, கோணிச் சாக்கை நனைத்துப் பிழிந்து, தரையோடு இழுத்தாள். மணல் சாக்கோடு சுருண்டு வந்தது. "இவ்வளவு படிச்சிருக்கிய, இது தெரியாதா?" என்றாள். தெரிந்ததுதான். நாற்பது வருஷத்தில் மறந்துபோயிருக்கிறது.

மோட்டார் மணல் அடைத்து நின்றிருந்தது. இன்வெர்ட்டர் பேட்டரி செத்திருந்தது. பின் கதவு நிலையைக் கரையான் பாதி தின்றிருந்தது. பேசின் வளைவெல்லாம் வற்றி வாடை. அரிசோனாப் பாட்டியின் எண்ணெய் வித்தையை நான் மறந்துபோயிருந்தேன். அடுத்த மாசியில் கிளம்பும்போது ஒவ்வொரு வடிகாலிலும் விளக்கெண்ணெய் ஊற்றினேன். மைனி பார்த்துவிட்டு, "கக்கூசுக்கு வயித்தால போகணுமா?" என்று கேட்டுச் சிரித்தாள். ஆனால் போன கார்த்திகையில் திறந்தபோது வாடை இல்லை. இப்போது சாவி அவளிடம்தான். மாதம் ஒரு தடவை திறந்து, ஜன்னலை ஒரு மணி நேரம் விட்டு, மோட்டாரைப் போட்டு நிறுத்துவாள். சம்பளம் பேசப் போனேன், முகத்தைத் தூக்கிக்கொண்டாள். குன்னூரில் இருந்து நல்ல தேயிலைத்தூளும் வர்க்கியும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவள் மகளுக்குத் தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தேன். கணக்கு அப்படி ஓடுகிறது. வீட்டைவிட இது முக்கியம் என்று சொன்னால் மிகை இல்லை. அந்தச் சாவி அவள் அடுக்களை ஆணியில் தொங்கவில்லை என்றால் எனக்கு இரண்டாவது வீடு கிடையாது, ஐந்து சென்டில் மணல்தான் இருக்கும்.

அங்கே நாலு மாதம் என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்பார்கள். ஒன்றும் செய்வதில்லை. விடியும் முன் எழுந்து, விரல் மடங்குகிறதா என்று பார்ப்பேன். மடங்கும். கருப்பட்டிக் காபி. வெயில் ஏறும் முன் தேரி மேல் கொஞ்ச தூரம் நடை. மணலில் நடப்பது முழங்காலுக்கு நல்லதா கெட்டதா தெரியவில்லை, எனக்குப் பிடித்திருக்கிறது. பகலில் மயில் வந்து மதிலில் உட்காரும். தையில் பனங்கிழங்கு. அவித்து, தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து நடுநரம்பை இழுத்து எடுத்துவிட்டு, நார் நாராகக் கிழித்து மிளகும் உப்பும் தொட்டுத் தின்னவேண்டும். வீட்டுக்காரருக்கு முதல் வருஷம் பிளக்கத் தெரியவில்லை, கரும்பு மாதிரி கடித்தார். மாசிக் கடைசியில் பனையில் பாளை வந்து பதனி தொடங்குகிற நேரத்தில் நாங்கள் கிளம்பிவிடுகிறோம். இதுதான் எனக்குக் குறை. வெயில் ஏறி நுங்கும் பதனியும் இறங்குகிற சமயம், மலை கூப்பிட்டுவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த பாலைக்கு வேனிலோடு பின்பனியும் உரிய பொழுது என்று சொல்லித் தந்தார்கள். பின்பனி என்றால் மாசி, பங்குனி. பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. இதையெல்லாம் அப்போது பத்து மார்க்குக்காக நெட்டுருப் போட்டோம்.

கார்த்திகைக் கடைசியில் தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலில் கள்ளர்வெட்டு. சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தது. கோயிலுக்குப் பின்னால் தேரியில், கள்ளனுக்குப் பதிலாக இளநீரை வெட்டுவார்கள். அந்தத் தண்ணீர் தெறித்த மணலை அள்ள ஜனம் பாய்ந்து விழும். வயலில் தூவ, தொழுவில் தூவ, வீட்டில் முடிந்து வைக்க. போன வருஷம் இருவரும் போனோம். கூட்டத்தில் அவரைக் காணாமல் தேடினேன். கால் மணி நேரம் கழித்து, சட்டை முழுக்கச் சிவப்பாக, கைக்குட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். குட்டையில் ஒரு பிடி மணல். "எல்லாரும் எடுத்தாவ, நானும் எடுத்தேன்" என்றார். அது இப்போது குன்னூரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் இன்னும் பழகவில்லை. திசையன்விளைக் கடைத்தெருவில் முருங்கைக்காய் வாங்கப் போனால், கடைக்காரர் முகம் தெரிந்து சிரித்துவிட்டு, "எப்போ ஊருக்குப் போறிய?" என்று கேட்பார். மருந்துக்கடையில் அதே கேள்வி. மரியாதையாகத்தான் கேட்கிறார்கள். முதல் தடவை, "இதுதான்யா எனக்கு ஊரு" என்று சொல்ல வாய் வந்தது. எந்தத் தெரு, யார் மகள் என்று கேட்டிருப்பார்கள். விளையும் இல்லை, தெருவில் இருந்த ஆட்களும் சென்னைக்கும் மும்பைக்கும் போயாயிற்று. "மாசிக் கடைசிலயா" என்று சொல்லிவிட்டு வந்தேன். குன்னூரில் பால்காரர் கேட்பதும் அதுதான். "எப்பங்க ஊருக்குப் போறீங்க?" அங்கே பதில் கார்த்திகை.

இந்தத் தை மாதம் வீட்டுக்காரர் வாசல் பக்கம் ஒரு முருங்கைக் கம்பு நட்டார். ஆற்றங்கரைக்காரருக்கு நெல்லும் வாழையும்தான் தெரியும். கம்பை எந்தப் பக்கம் மண்ணில் ஊன்ற வேண்டும் என்பதற்கே ஒரு வாதம் நடந்தது. சாணி உருண்டையைத் தலையில் வைத்து, நாளுக்கு இரண்டு வாளி ஊற்றி, மாசியில் நாலு துளிர் பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறினார். அன்றில் இருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் மைனிக்குப் போன். வீடு எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதற்குள், முருங்கை எப்படி இருக்கிறது என்று பின்னால் இருந்து ஒரு குரல் வரும்.

நேற்றும் போட்டேன். போனை எடுத்ததும் பின்னால் காற்றின் இரைச்சல். தகர ஷீட் ஒன்று எங்கோ அடித்துக்கொண்டிருந்தது. மைனி குரலைத் தாழ்த்தினாள். "மைனி, அண்ணாச்சிட்ட சொல்லிராதிய. முந்தாநாள் காத்துல முருங்கை முறிஞ்சிட்டு. பிறவு நான் நுனியைச் சீவிட்டு, நல்ல கொப்பா ஒண்ணை வேற எடத்துல ஊனியிருக்கேன்."

ஸ்பீக்கரில் போட்டிருந்தது அவளுக்குத் தெரியாது. வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். "மேற்க பாத்து ஒரு ஓலைத்தட்டி கட்டணும்மா. காத்து அந்தப் பக்கம்தான் வரும்" என்றார், போனுக்கு நேராகக் குனிந்து.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும். அப்புறம் மைனி சொன்னாள்: "கட்டியாச்சு அண்ணாச்சி. காத்து எங்கிருந்து வரும்னு அம்பாசமுத்திரத்துக்காரவ சொல்லியா எங்களுக்குத் தெரியணும்?"